பெரியப்பா கப்பலில் கொண்டுவந்த டென்மார்க் பீங்கான் விளக்கு: திரும்ப எரியவிடலாமா?

செல்லூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். போன ஆவணியில் காலமானார். மதுரை செல்லூர் வீட்டைக் காலி செய்து பெரியம்மாவை எங்களோடு அண்ணா நகருக்குக் கூட்டி வந்துவிட்டோம். பீரோ, பாத்திரம், கடிகாரம் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போனது. யாரும் கேட்காத ஒன்று என்னிடம் வந்தது. அவர் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் எப்போதும் இருந்த மேசை விளக்கு. வீட்டில் அதற்கு 'டென்மார்க் லைட்டு' என்றுதான் பெயர். 1970-களில் கோபன்ஹேகனில் கப்பல் நின்றபோது கடைவீதியில் வாங்கியதாகச் சொல்வார். கேபினில் போர்வைக்குள் சுற்றி வைத்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தாராம்.

உருளை வடிவம். ஹோல்டரை விட்டுவிட்டுப் பீங்கான் மட்டும் 28 செ.மீ. உயரம். சமையலறைத் தராசில் 2 கிலோ 150 கிராம். நீலம், ஆனால் ஒரே நீலமில்லை. மேலே வெளிறிய நீலமாகத் தொடங்கிக் கீழே வரவர மயில் கழுத்தாக மாறுகிறது. நடுவில் மூன்று வரிசையாக வட்டங்கள், எட்டணாவைப் பச்சைக் களிமண்ணில் அழுத்தி எடுத்த மாதிரி புடைத்து நிற்கின்றன. அந்த வட்டங்களின் விளிம்பில் மட்டும் நீலம் விலகிப் பழுப்பு தெரிகிறது. அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. பாதி பிய்ந்த இடத்தில் ஆங்கில 'எஸ்', அடுத்து குறுக்கே கோடு போட்ட பூஜ்யம், அப்புறம் 'ஹோல்ம்' என்று படிக்க முடிகிறது.

இப்போது என் குழப்பங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஹோல்டர் திருகு டைப், நம் பல்பு சேராது, கழுத்தை டிரில் போட்டுப் பெரிதாக்கிப் பின் டைப் ஹோல்டர் மாட்டித் தருகிறேன் என்றார். வயர் காய்ந்த கொடி மாதிரி விறைத்து அங்கங்கே வெடித்திருக்கிறது. அடிப்பக்கம் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. பெரியம்மா வருடக்கணக்காக போர் தண்ணீர்த் துணியால் துடைத்திருக்கிறார்கள். கீழமாசி வீதிப் பக்கம் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் 800 ரூபாய்க்குக் கேட்டார். விற்கிற எண்ணம் இல்லை.

அம்மா ஷோகேஸில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதை எரியவிட்டுப் பார்க்க ஆசை. இந்த மாதிரி விளக்கு சேகரிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது நிஜமாகவே டென்மார்க் பொருள்தானா? எரியவிடலாமா?

கோச்சடை மணல்மேடு எழுதியது:

டிரில் மட்டும் வேண்டாம் சகோ. எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் ஜாடியில் குழாய் மாட்ட ஓட்டை போட்டபோது கடைசி ஒரு மில்லிமீட்டரில் இரண்டாகப் பிளந்தது. திருநகர் ஐயா இந்த விஷயத்தில் விவரமானவர், அவர் பார்க்கும்வரை பொறுங்கள்.

திருநகர் தாத்தா எழுதியது:

தம்பி, பெரியப்பாவை இழந்த வருத்தத்தில் இருப்பீர்கள். அவர் உங்களுக்கு விட்டுப்போனது நல்ல பொருள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தேன். டென்மார்க் பீங்கான் விளக்குகள் ஒன்பது வைத்திருக்கிறேன். ஒன்பதும் முறை வைத்துச் சாயங்காலம் எரிகின்றன. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தாராளமாக எரியவிடலாம், எரியவிடத்தான் வேண்டும். அந்தக் கிளேஸின், அதாவது மண் மேல் கண்ணாடி மாதிரி உருகிப் படிந்த பூச்சின் அழகு ஷோகேஸ் கண்ணாடிக்குள் பாதிகூடத் தெரியாது. மேலேயிருந்து மஞ்சள் வெளிச்சம் தோளில் இறங்கி, அந்த வட்டங்களின் மேல் சாய்வாக விழும்போதுதான் எந்த இடத்தில் கிளேஸ் தேங்கியது, எந்த இடத்தில் வழிந்தது என்று கண்ணுக்குப் பிடிபடும். செய்தவர்கள் அதை விளக்காகத்தான் செய்தார்கள்.

ஆனால் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். வயர், ஹோல்டர், பிளக், சுவிட்ச், ஷேடு எல்லாம் தேய்கிற பொருள். மாற்றலாம், தப்பே இல்லை. பீங்கானில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஓட்டை பெரிதாக்குவது, உரசுவது, வார்னிஷ் அடிப்பது எதுவும் கூடாது. பழைய ஹோல்டரையும் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

நீங்கள் பார்த்தது பூஜ்யமில்லை. டேனிஷ் மொழியில் குறுக்கே கோடு போட்ட ஓ ஒரு தனி எழுத்து. நம் வாய்க்கு வருகிற மாதிரி சோஹோல்ம் என்று சொல்லிக்கொள்ளலாம். பால்டிக் கடலில் போர்ன்ஹோல்ம் என்று ஒரு தீவு இருக்கிறது. டென்மார்க்குக்குச் சொந்தம், ஆனால் வரைபடத்தில் பார்த்தால் ஸ்வீடன் கரைதான் பக்கம். அதன் பெரிய ஊர் ரோனே. அந்த ஊரைச் சுற்றிக் களிமண்ணும், பீங்கானுக்கு ஆகிற வெள்ளை மண்ணான கயோலினும் கிடைக்கும். மண் இருக்கிற இடத்தில் சூளை வரும். சோஹோல்ம் பட்டறை 1835-இல் தொடங்கியது, 1996-இல் மூடிவிட்டார்கள். அதே ஊரில் யோர்ட் குடும்பத்தின் பட்டறை 1859-இல் வந்தது, மைக்கேல் ஆண்டர்சன் பட்டறை 1890-இல். யோர்ட் பட்டறை இன்றைக்கும் மியூசியமாக இருக்கிறது, உள்ளே வேலையும் நடக்கிறது. நமக்கு மானாமதுரை எப்படியோ டென்மார்க்குக்கு ரோனே அப்படி.

வரிசை வரிசையாகப் புடைத்த வடிவம், நீலம், விளிம்பில் பழுப்பு என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் சோஹோல்மில் 1960-களில் ஐனார் யோஹான்சென் வடிவமைத்த விளக்குகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். அடியில் இன்னும் எழுத்து இருக்கும். அந்தக் கம்பளித் துணியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பழைய பசை இளகும், நகத்தாலேயே உரித்துவிடலாம். உள்ளே 'ஸ்டென்டோய்' என்று இருக்கிறதா பாருங்கள். கல் சாமான் என்று பொருள் கொள்ளலாம், அதாவது ஸ்டோன்வேர். நம் ஊறுகாய் ஜாடி எந்த ஜாதியோ அதே ஜாதி. கூடவே ஒரு எண் இருந்தால் அது மாடல் எண். அதை எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். வயர் வெளியே வருகிற ஓட்டை எங்கே இருக்கிறது? அடியோரத்தில் பக்கவாட்டில் இருந்து, ஓட்டையின் உள்விளிம்பிலும் கிளேஸ் ஓடியிருந்தால் சூளைக்குப் போகும் முன்னாலேயே போட்ட ஓட்டை, விளக்காகவே பிறந்தது. விளிம்பு பொரிந்து, உள்ளே வெற்று மண் தெரிந்தால் பூச்சாடியைப் பிற்பாடு யாரோ விளக்காக மாற்றியிருக்கிறார்கள். விலைபேசுகிறவர்கள் மறைக்கிற முதல் விஷயம் இதுதான்.

இனி மின்சாரம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விளக்கில் இருப்பது இ-27 ஹோல்டராக இருக்கும். இ என்பது எடிசன் பெயர், 27 என்பது திருகின் விட்டம் மில்லிமீட்டரில். அந்த ஹோல்டரும் பல்பும் மதுரையில் எந்தப் பெரிய எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. நம் வீட்டுப் பின் டைப் பி-22. இ-27 வாங்கினால் ஓட்டையைத் தொடவே வேண்டியதில்லை. வோல்டேஜும் பிரச்சினை இல்லை; அங்கே அந்தக் காலத்தில் 220, இங்கே 230, இரண்டும் 50 சைக்கிள். பழைய ஹோல்டரைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். ஐரோப்பிய விளக்குகளில் ஹோல்டர் உட்காருகிற குழாய் பெரும்பாலும் 10 மி.மீ. மரை. அதே மரை உள்ள ஹோல்டரைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் நம் எலக்ட்ரீஷியன்கள் தவறுகிற இடம். பின் டைப்பில் எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. திருகு டைப்பில் அப்படியில்லை. பேஸ், அதாவது மின்சாரம் வருகிற வயர், ஹோல்டரின் அடியில் இருக்கிற நடுப்புள்ளிக்குத்தான் போக வேண்டும், நியூட்ரல் திருகுச் சுற்றுக்கு. மாறிப்போனால், பல்பு மாற்றும்போது விரல் படுகிற திருகுக் கழுத்தில் மின்சாரம் நிற்கும். சுவிட்ச் வயரில் வருகிற மாதிரி வைத்தால் அதுவும் பேஸை வெட்டுவதாக இருக்கட்டும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்புங்கள்.

பித்தளை ஹோல்டர் பார்க்க அழகுதான், ஆனால் பழைய இரண்டு வயர் கம்பியில் எர்த் கிடையாது. பித்தளைதான் வேண்டும் என்றால் மூன்று வயர் போட்டு ஹோல்டர் உடலுக்கு எர்த் கொடுங்கள், மூன்று பின் பிளக் மாட்டுங்கள். இல்லையென்றால் மின்சாரம் பாயாத பேக்லைட் ஹோல்டர் போதும், ஷேடு மறைத்துவிடும். வயர் வெளியே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம் ஒன்று வையுங்கள். கிளேஸ் விளிம்பு கண்ணாடி மாதிரி, வருடக்கணக்கில் வயரின் தோலை அறுத்துவிடும். உள்பக்கம் வயரில் ஒரு முடிச்சு இருக்கட்டும், யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இணைப்பு கழன்று வராது. பல்பு 5 அல்லது 7 வாட் எல்.இ.டி., வாங்கும்போது 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம், என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை பல்பு போட்டால் அந்த நீலம் செத்துவிடும்.

உப்புக்கறையைப் பற்றி நான் சொல்வதைவிட விளாச்சேரித் தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும். மண் அவர்கள் கையில் பிறந்தது.

விளாச்சேரி மண்வாசம் எழுதியது:

ஐயா கூப்பிட்டுவிட்டார்கள், வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறோம். ஸ்டோன்வேர் நான் புதுச்சேரியில் போய்க் கற்றுக்கொண்டது.

தம்பி, வட்டங்களின் விளிம்பில் பழுப்பு தெரிவதைத் தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளேஸ் சூளையில் உருகும்போது தேன் மாதிரி நகரும். முகட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். தேங்கின இடத்தில் நீலம் கனமாகும், முகட்டில் மெலிந்து கீழே இருக்கிற இரும்புச்சத்துள்ள மண்ணின் பழுப்பு எட்டிப்பார்க்கும். அந்தப் பழுப்புக் கோடு வரட்டும் என்றுதான் வட்டங்களைப் புடைப்பாக வைத்திருப்பார்கள். எனக்கு அதில் இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

ஸ்டோன்வேரா இல்லையா என்று அடியிலேயே தெரிந்துவிடும். கிளேஸ் படாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் ஸ்டோன்வேர். எங்கள் பொம்மை என்றால் அந்தச் சொட்டு உடனே உள்ளே போய்விடும். ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் வெந்தது, மண்ணே பாதி கண்ணாடியாகி இறுகிவிடும். எங்கள் சூளை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. கீழடியில் எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளும் குறைந்த சூட்டில் வெந்தவைதான், ஆனாலும் இரண்டாயிரம் வருடம் தாண்டி நிற்கின்றன. அதனால் சூடு குறைவு என்றால் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பராமரிப்புதான் வேறு.

உப்புக்கறைக்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் போடாதீர்கள். பித்தளை விளக்கைத் தேய்த்த பழக்கத்தில் கை அங்கேதான் போகும். பளபளப்பில்லாத மங்கல் கிளேஸ் சிலவற்றில் புளிப்பு பட்டால் நிறம் வெளுத்துவிடும், திரும்ப வராது. சாம்பல், சபீனா, நார் எதுவும் கூடாது, கோடு விழும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காட்டன் வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து கறை மேல் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். அப்புறம் மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் வட்ட வட்டமாக. நாலைந்து நாள் திரும்பத் திரும்பச் செய்தால் முக்கால்வாசி போய்விடும். மீதி இருந்தால் இருக்கட்டும். வயரைக் கழற்றியபிறகுதான் ஈரம் படலாம், முழுக்கத் தண்ணீரில் முக்கவும் வேண்டாம்.

கிளேஸில் மயிரிழை விரிசல் வலைபோல ஓடியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள். விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று சத்தம் நின்று ஒலிக்கிறதா, 'டொக்' என்று அடங்குகிறதா? டங் என்றால் உடம்பில் உடைப்பில்லை. கடம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது மாதிரிதான்.

செல்லூர்க்காரன் எழுதியது:

டங்! அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்ச் சொட்டு முத்தாக நின்றது. ஓட்டை அடியோரத்தில் பக்கவாட்டில்தான், உள்ளேயும் நீலம் ஓடியிருக்கிறது. ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. கம்பளித் துணியை ஞாயிற்றுக்கிழமை உரிக்கிறேன்.

ஆயிரம் ஜன்னல் எழுதியது:

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். திருநகர் ஐயா, எனக்கும் இந்த ஆசை உண்டு. எங்கள் ஊர் பழம்பொருள் கடைகளில் வாரம் ஒருமுறை சுற்றுகிறேன். ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்குப் பெட்டி எல்லாம் வருகிறது. டென்மார்க் விளக்கு மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. ஒன்பது விளக்கு உங்களுக்கு எங்கேயிருந்து கிடைத்தது? தரங்கம்பாடிப் பக்கம் தேடினால் கிடைக்குமா?

திருநகர் தாத்தா எழுதியது:

காரைக்குடித் தம்பி, நானும் அந்தத் தெருவில் நிறைய நடந்திருக்கிறேன், எனக்கும் கிடைத்ததில்லை. காரணம் யோசித்தால் விளங்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சாமான் வந்து இறங்கியதெல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தி. நாம் தேடுகிற விளக்குகள் பெரும்பாலும் 1950-க்கும் 1975-க்கும் இடையில் செய்தவை. தரங்கம்பாடியும் அப்படித்தான். டேனியர்கள் 1620-இல் கோட்டை கட்டினார்கள், 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மின்சார விளக்குக்கு அது ரொம்ப முந்தின கதை.

என் முதல் விளக்கு கொடைக்கானலில் கிடைத்தது. 2009-இல் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள், தையல் மெஷின் இருக்கிறது என்று சொன்னார்கள், வீட்டம்மாவுக்காகப் போனேன். தையல் மெஷின் விற்றுப்போயிருந்தது. குளிர்காயும் அடுப்புக்கு மேலே ஒரு விளக்கு, ஷேடு இல்லாமல் நின்றது. பழுப்பு கறுப்புக் கோடுகள், முயல் ரோமம் மாதிரி மேலேயிருந்து கீழே இழைந்திருந்தன. தொட்டால் சொரசொரப்பு, ஆனால் கை வழுக்கிக்கொண்டு போகிறது. 2,500 ரூபாய் சொன்னார்கள். எனக்கு அப்போது அது பெரிய தொகை. வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வத்தலக்குண்டு வரை வளைவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அடியைப் பார்த்தால் பால்ஸ்ஹூஸ் என்று கையால் கீறியிருக்கிறது. பெர், அன்னலிஸ லின்னமன்-ஷ்மிட் என்ற கணவன் மனைவி நடத்திய சின்னப் பட்டறை, 1972 வரை இருந்தது. சுட்ட மண்ணைப் பொடித்துப் பச்சை மண்ணோடு கலந்து செய்வார்கள். அந்தச் சொரசொரப்பு அதிலிருந்து வருகிறது. வீட்டம்மா தையல் மெஷின் எங்கே என்றுதான் கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரி விளக்கை எரியவிட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மெஷினை அடுத்த மாதம் புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

மற்ற எட்டில் ஆறு என் தங்கை மகன் கொண்டுவந்தவை. டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகரில் படிக்கப் போனவன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த ஊரில் வீட்டுக்கு வேண்டாத சாமானைச் சந்தை போட்டு விற்பார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் கைப்பையில் ஒன்று. ஷேடு வேண்டாம், அடிப்பாகம் மட்டும் போதும் என்று சொல்லிவிடுவேன். வாங்கும் முன் போன் பண்ணி அடியைக் காட்டுவான். மேல்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடியைப் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை.

அடியில் பார்க்கிற குறிகளைச் சொல்லிவிடுகிறேன். மூன்று அலைக்கோடு என்றால் ராயல் கோபன்ஹேகன், 1775-லிருந்து இருக்கிற பீங்கான் ஆலை. டென்மார்க்கின் மூன்று நீரிணைகளுக்கு மூன்று கோடு. மூன்று கோபுரம் என்றால் பிங் அண்ட் க்ரோண்டால். மூன்று மீன் என்றால் மைக்கேல் ஆண்டர்சன். மான் என்றால் யோர்ட். அவர்கள் பெயருக்கே மான் என்றுதான் அர்த்தம். ஹெச், ஏ, கே எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் நெஸ்ட்வெட் ஊர் கேலர் பட்டறை. கேலர்காரர்கள் மாட்டுக் கொம்பில் களிமண் கூழை நிரப்பி, நுனி வழியாக வழியவிட்டுக் கோடு வரைவார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மார்கழிக் கோலத்தில் கை தூக்காமல் இழுத்த இழை எப்படி இருக்கும், அப்படி ஒரே வீச்சில் சுற்றி வந்திருக்கிறது கோடு. எப்போது பார்த்தாலும் அந்தக் கை யாருடையது என்று நினைக்கத் தோன்றும்.

எனக்கு ஆசையிருந்தும் கிடைக்காதது சாக்ஸ்போ பட்டறை விளக்கு. நதாலி க்ரெப்ஸ் என்ற அம்மா, ரசாயனப் பொறியாளர், 1930 வாக்கில் தொடங்கி 1968 வரை நடத்தினார். கிளேஸை எடை போட்டு, கணக்குப் பார்த்துக் கலந்தவர். வடிவத்தை ஏவா ஸ்டேர்-நீல்சன் என்ற இன்னொரு அம்மா பார்த்துக்கொண்டார். படத்தில் பார்த்தாலே அந்தக் கிளேஸ் பழத்தோல் மாதிரி இருக்கும். விலை எனக்கு எட்டாது. பரவாயில்லை, படமாவது இருக்கிறது.

ஒன்று உடைந்தும் போனது. கேட்டால் நெஞ்சு கனக்கும், ஆனாலும் நீங்கள் யாரும் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதால் சொல்கிறேன். ஒரு முறை பொறுமை இல்லாமல் ஆன்லைனில் வாங்கிப் பார்சலில் வரவழைத்தேன். மைக்கேல் ஆண்டர்சன் பட்டறையின் பெர்சியா கிளேஸ், வேண்டுமென்றே வலைபோல விரிசல் விடவைத்து அதையே அழகாக்கிய பச்சை. விற்றவர் ஹோல்டரைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் போட்டிருந்தார். பெட்டி எங்கேயோ தலைகீழாக விழுந்திருக்கிறது. ஹோல்டர் நெம்புகோல் மாதிரி வேலை செய்து கழுத்தைச் சில்லாகப் பெயர்த்துவிட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஹோல்டரையும் குழாயையும் கழற்றித் தனியாகச் சுற்றி, பீங்கானை ஒரு பெட்டியில், அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியில், நடுவில் நாலு விரல்கட்டை இடம்விட்டு அடைத்திருந்தால் முழுசாக வந்திருக்கும். அன்றிலிருந்து யார் அனுப்பினாலும் இதைச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் பணம் கட்டுகிறேன். அந்தப் பச்சைத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒட்டவில்லை, போடவும் மனசில்லை.

செல்லூர்க்காரன் எழுதியது:

பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கம்பளித் துணி உரிந்தது. சோஹோல்ம், ஸ்டென்டோய், போர்ன்ஹோல்ம், டென்மார்க் எல்லாம் இருக்கிறது, கூடவே நான்கு இலக்க எண். ஐயாவுக்குத் தனியாகப் படம் அனுப்பினேன். ஐனார் யோஹான்சென் வடிவம்தான் என்று உறுதி சொன்னார்.

புது இ-27 பேக்லைட் ஹோல்டர், துணி சுற்றின வயர், 7 வாட் பல்பு. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் நடுப்புள்ளி விஷயத்தைச் சொன்னேன், டெஸ்டர் வைத்து அவரே எனக்குக் காட்டினார். உப்புக்கறை அக்கா சொன்ன மாதிரி ஐந்து நாளில் போய்விட்டது, ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது.

நேற்று ராத்திரி எரியவிட்டோம். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு இடது பக்கம் வைக்கச் சொன்னார்கள். வலது பக்கம் வைத்தால் பெரியப்பா பேப்பர் படிக்கும்போது கை நிழல் விழும் என்பாராம். அவர் இடது கைக்காரர் என்றும் பெரியம்மா சொன்னார்கள், எனக்கு அதுவரை தெரியாது. யோசித்துப் பார்த்தால், இடது கைக்காரருக்கு நிழல் விழாத பக்கம் வலதுதானே என்று கேட்டேன். 'எழுதறதுக்குத்தான் இடது கை, பேப்பரை வலது கையாலதான் பிடிப்பாரு' என்றார்கள். இடது பக்கமே வைத்துவிட்டேன்.

ஒரே குறை ஷேடு. பழையது கிழிந்துவிட்டது, கம்பிக்கூடு துருப்பிடித்துவிட்டது. பெரியம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று, கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி, அதை வைத்துத் தைக்கலாமா? கம்பிக்கூடு அடிவிட்டம் 30 செ.மீ. போதுமா, 35 வேண்டுமா?

திருநகர் தாத்தா எழுதியது:

35 எடுங்கள் தம்பி. 28 செ.மீ. பீங்கானுக்கு 30 குல்லாய் மாதிரி இறுக்கமாக நிற்கும், வெளிச்சம் ஸ்டூலில் விழுந்துவிடும், விளக்கின் தோளில் படாது. 35 என்றால் கீழ்வாய் அகலத்தில் வெளிச்சம் சாய்ந்து அந்த மூன்று வரிசை வட்டத்திலும் இறங்கும். உயரம் 24 போதும். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது பல்பும் ஹோல்டரும் கண்ணில் படக் கூடாது, அதுதான் அளவுகோல்.

சுங்குடி நல்ல யோசனை. ஆனால் கரும்பச்சை வெளிச்சத்தைக் குடித்துவிடும், நீலத்தின் மேல் பச்சை சாயமும் விழும். உள்பக்கம் வெள்ளைக் காடாத் துணி ஒரு அடுக்கு கொடுத்துத் தையுங்கள். அப்போது கீழே வருகிற வெளிச்சம் சுத்தமாக இருக்கும், சுங்குடிப் புள்ளிகள் மட்டும் வெளியே நட்சத்திரம் மாதிரி தெரியும். எல்.இ.டி. என்பதால் துணி சுடாது, ஆனாலும் பல்புக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

டென்மார்க்கிலும் ஷேடு வீட்டில் செய்ததுதான். கோபன்ஹேகனில் க்ருண்ட்விக் தேவாலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பி. வி. யென்சென்-கிளிண்ட், ஸ்டோன்வேரில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு செய்தார். அதற்குப் பொருத்தமான ஷேடு கிடைக்காமல் காகிதத்தைத் தானே மடித்து மடித்து ஒன்று பண்ணினார். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து மடிக்கப் பழகி, 1943-இல் அவர் மகன் டாகே அதையே தொழிலாக்கினார். லெ கிளிண்ட் என்ற அந்தக் கம்பெனியில் இன்றைக்கும் கையால்தான் மடிக்கிறார்கள். உங்கள் சுங்குடிக்கு ஒரு குறையும் இல்லை.

கம்பிக்கூடு செய்ய சிம்மக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை இருக்கிறது, தனியாக வழி அனுப்புகிறேன். போகும்போது பழைய கூட்டைக் கையில் கொண்டுபோங்கள், ஹோல்டரில் உட்காருகிற வளையத்தின் அளவை அதைப் பார்த்துத்தான் எடுப்பார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை கிடையாது.